லோகோ வருது, வட்டம் சுத்துது, பட்டுனு அணைஞ்சுடுது: டெஸ்க்டாப்பில் கெட்டுப்போன பாகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஜூன் மாதம் வந்தால் எங்கள் தெருமுனையில் இருக்கும் ஆன்லைன் சேவைக் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று கல்லூரியில் சேரப் போகும் பிள்ளைகள் பெற்றோரோடு வரிசையில் நிற்பார்கள். கடையை நடத்தும் அக்காவிடம் இருப்பது ஒரே ஒரு டெஸ்க்டாப். வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. அது அந்த ஜூன் மாதத்தில்தான் படுத்தது.

“தம்பி, சுவிட்ச் போட்டா ஆன் ஆகுது. லோகோ வருது, அந்த வட்டம் சுத்துது, பட்டுனு அணைஞ்சு மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்குது. காலையிலதான் ரொம்ப அடம் பிடிக்குது. மத்தியானத்துக்கு மேல பரவாயில்ல” என்றார் போனில்.

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதன் விலை என்ன என்று பிறகு சொல்கிறேன்.

அவர் ஏற்கெனவே ஒரு ரிப்பேர் கடையில் காட்டியிருந்தார். “விண்டோஸ் கரப்ட்” என்று சொல்லி ஃபார்மட் அடித்துக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் அதே கதை திரும்பியது. மறுபடி கொண்டுபோனதும் “மதர்போர்டு போயிடுச்சு, ஏழாயிரம் ஆகும்” என்றார்கள். போர்டு நன்றாகத்தான் இருந்தது. ஃபார்மட் அடித்ததில் மூன்று வருஷத்துக் கணக்கு ஃபைல் போனதுதான் மிச்சம்.

வீட்டில் ஒரு டெஸ்க்டாப் வைத்திருக்கும் யாருக்கும் இது நடக்கலாம். எந்தப் பாகம் கெட்டது என்று நாமே ஓரளவு கண்டுபிடித்துவிட்டால் தேவையில்லாத செலவும் மிச்சம், ஃபைல்களும் மிச்சம். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒன்று. கம்ப்யூட்டர் வாரன்டியில் இருந்தால் திறக்காதீர்கள். நேராக விற்றவரிடமோ தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்திடமோ கொண்டுபோங்கள். அவர்கள் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் வாரன்டி முடிந்த மெஷினுக்கு.

எந்தப் படியில் விழுகிறது?

சுவிட்ச் போட்டதிலிருந்து விண்டோஸ் திரை வரும் வரை கம்ப்யூட்டர் சில படிகளை ஏறுகிறது. முதலில் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே இருக்கும் பவர் சப்ளை பெட்டி, தன் வோல்டேஜ் சரியாக வந்துவிட்டதா என்று பார்த்து “பவர் ரெடி” என்று போர்டுக்கு ஒரு சிக்னல் கொடுக்கும். அதன்பிறகுதான் ப்ராசசர் எழும். போர்டு தன்னிடம் ரேம் இருக்கிறதா, டிஸ்ப்ளே இருக்கிறதா என்று சோதிக்கும். தேறினால் லோகோ வரும். அடுத்து ஹார்ட் டிஸ்க்கைத் தேடி அதிலிருந்து விண்டோஸை ஏற்றும். அப்போது வருவதுதான் அந்தச் சுற்றும் வட்டம்.

எந்தப் படியில் விழுகிறதோ அதுதான் முதல் துப்பு. சுவிட்ச் போட்டால் ஃபேன்கூட அசையவில்லை என்றால் கரண்ட் சம்பந்தப்பட்ட கோளாறு: ப்ளக், யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ், சில சமயம் முன்பக்க பட்டனேகூட. ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் பெரும்பாலும் ரேம் அல்லது கிராஃபிக்ஸ் கார்டு. சில போர்டுகள் பீப் சத்தம் கொடுத்துச் சொல்லும். புதிய போர்டுகள் சிலவற்றில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதிய குட்டி விளக்குகள் இருக்கும். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். பீப் சத்தத்தின் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் உங்கள் போர்டின் மாடல் பெயரோடு தேடிப் பார்ப்பதுதான் சரி.

லோகோ வந்த பிறகு விழுவதுதான் குழப்பமான ரகம். அக்காவின் மெஷின் அந்த ரகம். டிஸ்க், ரேம், எஸ்எம்பிஎஸ், சூடு, டிரைவர், விண்டோஸ் அப்டேட் என்று எல்லாருமே சந்தேக வட்டத்துக்குள் வந்துவிடுவார்கள்.

கையில் இருக்கும் போனே முதல் கருவி

நீலத் திரை அரை நொடி மின்னி மறைந்துவிடுகிறதா? போனில் ஸ்லோ மோஷன் வீடியோ ஆன் செய்து திரைக்கு நேராகப் பிடியுங்கள். பிறகு ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் கீழே இருக்கும் எரர் பெயர் தெரியும். ஒரு தடவை எடுத்தால் போதாது. நாலைந்து தடவை எடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் ஒரே எரர் வந்தால் காரணம் ஒரே இடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். “இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்” என்று வந்தால் விண்டோஸால் டிஸ்க்கைத் தொட முடியவில்லை என்று பொருள். டிஸ்க், அதன் கேபிள், அல்லது பயாஸ் செட்டிங். இதில் ஒரு வேடிக்கை உண்டு. போர்டில் வட்டமான நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. அது தீர்ந்துபோனால், மெயின் கரண்டை நிறுத்தும்போதெல்லாம் தேதியும் பயாஸ் செட்டிங்கும் பழையபடி மாறிவிடும். டிஸ்க்குக்கான சாட்டா செட்டிங்கும் அதோடு மாறினால் விண்டோஸ் ஏறாது. டிஸ்க் போய்விட்டது என்று நினைத்துப் புதுசு வாங்கியவர்கள் உண்டு. வேண்டியிருந்தது ஒரு சின்ன பேட்டரி. அரசு இணையதளத்தைத் திறந்தால் “பாதுகாப்பற்ற இணைப்பு” என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறதா? மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். அது தப்பாக இருந்தாலும் இந்த எச்சரிக்கை வரும்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எரர் வந்தாலோ, எரரே வராமல் கரண்ட் போன மாதிரி அணைந்தாலோ, ரேம் மேலும் எஸ்எம்பிஎஸ் மேலும் சந்தேகம் திரும்ப வேண்டும். அக்கா எடுத்த ஆறு வீடியோவில் இரண்டில் நீலத் திரை, இரண்டும் வேறு வேறு எரர். மீதி நாலில் ஒன்றுமே இல்லை, சட்டென்று கறுப்பு.

சாஃப்ட்வேரா, ஹார்டுவேரா?

ஸ்டார்ட் ஆகும்போது விழுவதெல்லாம் பாகக் கோளாறு இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. விமான நிலையங்கள்கூட ஸ்தம்பித்தன. அத்தனை மெஷினிலும் ஒரு பாகம்கூடக் கெட்டிருக்கவில்லை.

பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. வேறொரு கம்ப்யூட்டரில் ஒரு பென்டிரைவில் உபுண்டு மாதிரி ஒரு இலவச லினக்ஸை ஏற்றிக்கொள்ளுங்கள். பழுதான மெஷினில் ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, பென்டிரைவிலிருந்து ஸ்டார்ட் செய்து, இன்ஸ்டால் செய்யாமல் “ட்ரை” என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் மேல் பழி போட முடியாது, டிஸ்க் மேலும் போட முடியாது. ஒரு மணி நேரம் அசையாமல் ஓடினால் பாதிப் பாகங்கள் சந்தேகத்திலிருந்து விலகிவிடும். ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய சோதனை இதுதான். செய்திருந்தால் அந்தக் கணக்கு ஃபைல் பிழைத்திருக்கும்.

திறப்பதற்கு முன்

சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கையே பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சக் கரண்டும் இறங்கும். காலில் செருப்பு இருக்கட்டும், தரை ஈரமாக இருக்கக் கூடாது. உள்ளே கை வைப்பதற்கு முன் கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் ஸ்டேட்டிக் இறங்கிவிடும். ஒவ்வொரு கேபிளைக் கழற்றும் முன்பும் ஒரு போட்டோ எடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் பிரிக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கி அடிக்கும் கரண்ட் நிற்கலாம்.

வெளியே செருகியிருக்கும் கைரேகை மெஷின், பிரின்டர், ஸ்கேனர், வெப்கேம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கீபோர்டு, மவுஸ், மானிட்டர் மட்டும் போதும். வளைந்துபோன ஒரு யுஎஸ்பி போர்ட்கூட ஷார்ட் ஆகி முழு மெஷினையும் நிறுத்தும். யுபிஎஸ்ஸையும் விலக்கிவிட்டு நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். பேட்டரி செத்த யுபிஎஸ், வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே கம்ப்யூட்டரை அணைத்துவிடும். சாயங்காலம் தெருவே லைட் போடும் நேரத்தில் மட்டும் ரீஸ்டார்ட் ஆனால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி ஒரே ஒரு விதி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ரேமைத் துடைத்து, கேபிள் மாற்றி, பேட்டரியும் போட்டு, அப்புறம் ஆன் செய்தால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது. அதை நான் சொல்லிக்கொண்டே மீறினேன் என்பது வேறு விஷயம்.

ரேம்

ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு, “டக்” என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் இந்தப் பற்கள் சீக்கிரம் கறுக்கும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு மற்றதை அதே ஸ்லாட்டில் போடுங்கள். ஒன்றில் விழுந்து மற்றதில் விழாவிட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டது. இரண்டிலும் விழுந்தால் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள்.

மெஷின் கொஞ்ச நேரமாவது நிற்கிறது என்றால் மெம்டெஸ்ட்86 என்ற இலவச சோதனையைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடலாம். அதில் ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ரேமை நம்பக் கூடாது. “ஒண்ணுதானே” என்று விட்டால் பிறகு ஃபைல்களே கெட்டுப்போகும்.

அக்காவின் கடையில் நான் ரேமைத் துடைத்துப் போட்டதும் மெஷின் எழுந்தது. “சரியாப்போச்சுக்கா” என்று டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை எட்டரைக்கு போன். “தம்பி, பழையபடி அணையுது.”

காலையில் மட்டும் ஏன்?

அப்போதுதான் அவர் முதல் நாளே சொன்னது உறைத்தது. காலையில் அடம், மதியத்துக்கு மேல் பரவாயில்லை. நான் முந்தின நாள் ரேமைத் துடைத்தது பிற்பகல் மூன்று மணிக்கு. காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை ஆன் செய்து மெஷின் ஏற்கெனவே சூடாகியிருந்தது. துடைக்காமல் இருந்திருந்தாலும் அது எழுந்திருக்கும்.

குளிர்ந்த நிலையில் விழுந்து, நாலைந்து தடவை முயன்ற பிறகு எழுவது பழைய எஸ்எம்பிஎஸ்ஸுக்கே உரிய குணம். அதற்குள் உருளை வடிவில் இருக்கும் கெப்பாசிட்டர்கள்தான் வோல்டேஜை ஏற்ற இறக்கம் இல்லாமல் வைத்திருக்கின்றன. வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து அவற்றின் உள்ளே இருக்கும் திரவம் வற்றுகிறது. வற்றிய கெப்பாசிட்டர் குளிர்ச்சியில் இன்னும் மோசமாக வேலை செய்யும். சூடானால் கொஞ்சம் தேறும். நேர்மாறாக, குளிர்ச்சியில் நன்றாக எழுந்து சில நிமிஷத்தில் அணைந்தால் ப்ராசசர் சூட்டைப் பாருங்கள்: ஃபேன் சுற்றுகிறதா, ஹீட் சிங்க் ஆடுகிறதா, அதன் இடுக்கில் தூசி கம்பளிபோல அடைத்திருக்கிறதா, நடுவில் இருக்கும் பேஸ்ட் காய்ந்து பொடியாகிவிட்டதா.

சரி, எஸ்எம்பிஎஸ் பலவீனம் என்றால் லோகோ வரை எப்படி வருகிறது? பயாஸ் திரையில் பெரும்பாலும் ப்ராசசரின் ஒரு கோர்தான் உழைக்கும். விண்டோஸ் ஏறத் தொடங்கியதும் எல்லாக் கோர்களும், டிஸ்க்கும், கிராஃபிக்ஸும் ஒன்றாக எழுந்து கரண்டை இழுக்கும். அந்த இழுப்பில்தான் எஸ்எம்பிஎஸ் மண்டியிடுகிறது. வெறும் சைக்கிளாக ஓட்டும்போது தெரியாத டயர் ஓட்டை, பின்னால் ஆள் ஏறினதும் தெரியுமே, அதே கதை.

மூன்றாம் நாள் காலை கடை திறக்கும் முன் மல்டிமீட்டரோடு போனேன். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் நாலு பின் உள்ள வெள்ளை கனெக்டர் ஒன்று சும்மா தொங்கும். அதில் மஞ்சள் வயருக்கும் கறுப்புக்கும் நடுவில் 12 வோல்ட் வர வேண்டும். 11.4 முதல் 12.6 வரை ஏற்கலாம். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் 5 வோல்ட், 4.75 முதல் 5.25 வரை. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கேபினெட் திறந்திருக்க, மெஷினை ஆன் செய்து பார்த்தோம். (எல்லா வயரும் கறுப்பாக இருக்கும் எஸ்எம்பிஎஸ்களும் உண்டு. நிறத்தை வைத்துத் தெரியாவிட்டால் இந்தச் சோதனையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டால் ஷார்ட் ஆகும்.)

பயாஸ் திரையில் 11.7. வட்டம் சுற்றத் தொடங்கியதும் 11.4, 11.2, 11.1, அணைந்தது. அக்கா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். “பிரஷர் எறங்கற மாதிரி எறங்குது தம்பி” என்றார். ஐந்தாவது முயற்சியில் 11.5இல் நின்று விண்டோஸ் திறந்தது.

பச்சை வயரையும் கறுப்பையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் ஒரு சோதனையைப் பலர் சொல்வார்கள். அதில் ஃபேன் சுற்றாவிட்டால் எஸ்எம்பிஎஸ் போச்சு என்று சொல்லலாம். சுற்றினால் நல்லது என்று சொல்ல முடியாது. அக்காவின் எஸ்எம்பிஎஸ் அந்தச் சோதனையில் அழகாகத் தேறியிருக்கும்.

முடிவான சோதனை, நல்லது என்று தெரிந்த இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதுதான். பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் ஒருநாள் இரவல் வாங்கினோம். மறுநாள் காலை முதல் முயற்சியிலேயே எழுந்தது. அதற்கும் மறுநாளும் எழுந்தது. அப்புறம்தான் புதுசு வாங்கச் சொன்னேன். பிராண்டட் மெஷின்கள் சிலவற்றில் கனெக்டரின் அமைப்பே வேறாக இருக்கும், அங்கே வேறு எஸ்எம்பிஎஸ்ஸைத் திணிக்கக் கூடாது.

டிஸ்க் சந்தேகம் என்றால்

டிஸ்க்கிலிருந்து “டக், டக்” என்று சீரான சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். ஒவ்வொரு தடவை ஆன் செய்வதும் உள்ளே இருப்பதை இன்னும் கொஞ்சம் அழிக்கும். சத்தம் இல்லை, ஆனால் மந்தம் என்றால் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பியில் மாட்டும் சாட்டா கேபிள் வழியாக வேறு கம்ப்யூட்டரில் செருகி, முதலில் ஃபைல்களைக் காப்பி எடுங்கள். சோதனையெல்லாம் அப்புறம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி ஒரு மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலை தெரியும். மாற்றி எழுதப்பட்ட செக்டார், காத்திருக்கும் செக்டார் ஆகிய இரண்டு எண்ணும் நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கை மாற்றுங்கள். சிஆர்சி எரர் மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான்.

டிஸ்க்கை வேறு மெஷினில் செருகும்போதோ பயாஸ் செட்டிங் மாறும்போதோ சில கம்ப்யூட்டர்கள் பிட்லாக்கர் ரெகவரி கீ என்று 48 இலக்க எண்ணைக் கேட்கும். பலருக்கு அது ஆன் ஆகியிருப்பதே தெரியாது. மெஷின் நன்றாக இருக்கும்போதே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

மதர்போர்டு

மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தும் சரியாகாவிட்டால் மட்டுமே போர்டு. கண்ணால் பார்த்தாலும் சில சமயம் தெரியும்: தலை உப்பிய கெப்பாசிட்டர், கருகிய கறை, எறும்புக் கூடு, செத்த பல்லி. பல்லி விஷயம் சிரிப்புக்குச் சொல்லவில்லை. பின்பக்கம் மூடாத ஓட்டை இருந்தால் வெதுவெதுப்பைத் தேடி உள்ளே வந்துவிடும்.

ரிப்பேருக்குக் கொடுப்பதாக இருந்தால்

நீங்கள் செய்த சோதனைகளை வரிசையாகச் சொல்லுங்கள், வீடியோவைக் காட்டுங்கள். “என்ன செய்யப் போறீங்க, எவ்வளவு ஆகும்”னு எழுதி வாங்குங்கள். என்னிடம் கேட்காமல் ஃபார்மட் அடிக்கக் கூடாது என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள், பில் கேளுங்கள். கோளாறு டிஸ்க்கில் இல்லை என்று தெரிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுப்பது இன்னும் நல்லது. ஆதார் நகல், வங்கிப் புத்தகம், போட்டோ என்று நம் குடும்பமே அதில் இருக்கிறது. அக்கா மாதிரி கடை வைத்திருப்பவர்கள், வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் நகல்களை அன்றன்றே அழித்துவிடுவதுதான் முறை.

அந்த மூன்று நாளும் கடைக்கு வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். முதல் பட்டதாரிச் சான்றுக்கு வந்த ஒரு பெண், தன் போனிலேயே இ-சேவை தளத்தின் பொதுமக்கள் நுழைவு வழியாக விண்ணப்பித்தார். ஆவணங்களைப் போன் கேமராவில் எடுத்து அக்காதான் அளவு குறைத்துக் கொடுத்தார். டிஜிலாக்கரில் மதிப்பெண் சான்று வைத்திருந்தவர்களுக்கு இன்னும் சுலபமாக முடிந்தது.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச்சேர வேண்டும். அக்கா இன்னும் அதைக் கொடுக்கவில்லை. மேஜைக்கு அடியில் கிடக்கிறது. “மூணு வருஷக் கணக்க முழுங்கினது இது, அவ்ளோ சீக்கிரம் அனுப்ப மனசு வரல தம்பி” என்கிறார். முழுங்கியது அது இல்லை, ஃபார்மட்தான் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். இப்போது கணக்கு ஃபைல் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பென்டிரைவில் ஏறி அவர் வீட்டு பீரோவுக்குப் போகிறது.